அப்பாவின் பிடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், விரலும் நலம். நீ அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் விரல் சங்கதியை முடித்துவிடுகிறேன். உன் மாமா ஃபோனில் உன்னிடம் "அக்கா கைய வெட்டிக்கிட்டா" என்று சொன்னது பாதிதான் உண்மை. வெட்டுப்பட்டது கை அல்ல, இடது ஆள்காட்டி விரலின் நுனி. தையல் இல்லை, வெறும் கட்டுத்தான். அவன் எது சொன்னாலும் பாதியைக் கழித்துக் கேட்கவேண்டும் என்று உனக்குத் தெரியாதா? நீ பதறிப்போய், "சமையலே வேணாம்மா, மாசச் சாப்பாட்டுக்குச் சொல்லிடறேன், ரெண்டு வேளையும் வாசலுக்கே வந்துடும்" என்றாய். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் எனக்குப் பேச்சு ஓடாது. இதைப் படித்து முடிக்கும்வரை யாரிடமும் பணம் கட்டிவிடாதே.

அப்பா இருந்தவரை சமையலறை அவருடையது. நான் பத்திரிகை ஆபீஸிலிருந்து இருட்டிய பிறகு வருவேன், தட்டில் சாப்பாடு இருக்கும். ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்டவள், அதை எப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கவேண்டியிருக்கிறது, சொல்ல ஆள் இல்லை. அவர் போனபோது அலமாரியில் அவர் அரைத்த மசாலாப் பொடி ஒரு பாட்டில் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓட்டினேன். இப்போது அடியில் இரண்டு கரண்டி இருக்கும், அதைத் தொடுவதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். முகர்ந்தாலும் தீர்ந்துபோகும் போலிருக்கிறது, போன மாதம் இருந்த வாசனை இந்த மாதம் இல்லை. அது முழுக்கப் போவதற்குள் அதேபோல ஒன்று அரைத்துவிடவேண்டும், எனக்கு இருக்கிற அவசரம் அவ்வளவுதான். சமையல் மேல் திடீர் ஆசை ஒன்றும் வந்துவிடவில்லை.

அளவு எனக்குத் தெரியும். அரைக்கிற நாளில் அவர் பாட்டுப் பாடுவது போலச் சொல்லிக்கொண்டே செய்வாரே, மல்லி எட்டுப் பிடி, மிளகாய் முப்பது, மிளகு மூணு கரண்டி, சீரகம் மூணு கரண்டி, மஞ்சள் ஒரு துண்டு என்று, நீயும் கேட்டு வளர்ந்தவன்தான். அடுத்தவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதியே காலம் தள்ளியவள் நான், அதனால் அதில் சந்தேகம் இல்லை. முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டி வறுத்தேன், மல்லி சூடேறுவதற்குள் சீரகம் கருகிவிட்டது. நீ உன் ரூமில் செய்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிறு தீயில் வறு. மல்லி கைக்குச் சுடவேண்டும், நிறம் மாறக்கூடாது. சீரகத்தை வாசனை வந்ததும் இறக்கிவிடு. முழுக்க ஆறிய பிறகுதான் மிக்சியில் போடவேண்டும், சூட்டோடு போட்டால் மூடி வேர்த்துப் பொடி கட்டிப்போகும். விட்டு விட்டு ஓட்டவேண்டும், ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடாகி வாசனை அதிலேயே போய்விடும். இது தெரிந்தும் நான் சில நாள் தேவைக்கு மேல் ஓட்டுகிறேன். மிக்சியை நிறுத்தியதும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடுகிறது, அதனால்தான்.

இரண்டாம் தடவை எல்லாம் சரியாகச் செய்து, உருளைக்கிழங்கில் போட்டு உன் மாமாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தான், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான், "அக்கா, இது பொடி இல்ல, தண்டனை. யார் மேல கோபம்?" என்றான். மூன்றாம் தடவையும் அதே எரிச்சல். மிளகாயைக் குறைத்தேன், எரிச்சல் குறைந்தது, ஆனால் பாட்டிலைத் திறந்து ஒப்பிட்டால் இது வேறு, அது வேறு. எதையோ சொல்லாமல் ஒளித்துவைத்துக்கொண்டுதான் அவர் போயிருக்கிறார் என்று எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. இல்லாதவரிடம் சண்டை போட்டு என்ன, பாதியில் எழுந்து போகக்கூட ஆள் இல்லை.

கத்தியும் அப்படித்தான் படுத்தியது. அப்பாவின் மரப்பிடிக் கத்தி என் கையில் நேராக இறங்கவே இறங்காது. வெங்காயத்தை வெட்டினால் ஒரு பக்கம் மெல்லியதும் ஒரு பக்கம் தடியுமாக விழும். உன் மாமா ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "இத வெச்சு கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்க்கா" என்றான். கத்தி மழுங்கிவிட்டது, தூக்கிப்போடு என்று சொல்லி, பெட்டியில் ஆறு கத்தி பளபளவென்று அடுக்கிய ஒன்றை வாங்கிக்கொடுத்தான். அதில் ஒன்றுகூடத் தக்காளித் தோலில் ஏறவில்லை, வழுக்கியது. மறுபடி அப்பா கத்தியையே எடுத்தேன். பூசணிக்காய் வெட்டும்போது அது பக்கவாட்டில் சறுக்கி விரலில் விழுந்தது. அதுதான் உனக்கு வந்த செய்தி.

உன் மாமா உனக்குச் சொல்லாதது இனிமேல்தான். விரலில் கட்டுப் போட்டதும் இடது கையால் காயை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, தொட்டாலே சுரீர் என்றது. சரி என்று காயை வலது கையில் பிடித்துக்கொண்டு கத்தியை இடது கைக்கு மாற்றினேன். கட்டுப் போட்ட விரலை நீட்டிக்கொண்டு, எறும்பு ஊர்கிற வேகத்தில்தான் வெட்டினேன், ஆனால் துண்டு நேராக விழுந்தது. இன்னொன்றும் நேராக விழுந்தது. கத்தியைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அலகின் இடது பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருக்கிறது, வலது பக்கம் தட்டை. உன்னைப் போல அவரும் இடதுகைக்காரர் அல்லவா, தன் கைக்குத் தோதாகத் தானே கல்லில் தீட்டித் தீட்டி அப்படி ஆக்கிவைத்திருக்கிறார். கத்தியில் குற்றமே இல்லை, அது அவர் கைக்கு ஆன கத்தி. அதை நினைத்துக்கொண்டே நின்றபோதுதான் மல்லி டப்பா கண்ணில் பட்டது. எட்டுப் பிடி என்றாரே, யாருடைய பிடி? மிளகாய் எண்ணிக்கை, மிளகும் சீரகமும் கரண்டி, மல்லி மட்டும் கை. அவர் கை முறம் மாதிரி. என் கை உனக்குத் தெரியும், பேனா பிடிக்க மட்டும் ஆன கை. நான் எட்டுப் பிடி போட்டால் அவருடைய ஐந்தோ ஆறோதான் வரும். அவர் எதையும் ஒளிக்கவில்லை. நான்தான் சொல்லை எழுதிக்கொண்டு கையை விட்டுவிட்டேன்.

நேற்று காலை சாணை பிடிப்பவர் தெருவுக்கு வந்தார். நான் துணி காயப்போட மாடியில் இருந்தேன். உன் மாமா எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, அந்தக் கத்தியைக் கொண்டுபோய் வலது கைக்குத் தோதாகத் தீட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டான். நான் மேலிருந்து போட்ட கூச்சலில் தெருவே நிமிர்ந்து பார்த்தது. செருப்பில்லாமல் ஓடிப்போய் வாங்கினேன், நல்லவேளை, சக்கரத்தில் வைக்கவில்லை. "அஞ்சு நிமிஷ வேலைம்மா, ரெண்டு பக்கமும் சமமா பண்ணிடுவேன். இப்படியே வெச்சிருந்தா யாரு வெட்டுறது இதுல?" என்றார். "பையன் வருவான்" என்று சொல்லிவிட்டேன். நீ வருவதாக எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. அந்த வார்த்தை எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. உன் மாமா அதன் பிறகு என் செருப்பை எடுத்துவந்து போட்டான்.

எனக்கென்று சின்னதாக ஒரு கத்தி வாங்கிவிட்டேன், இருபக்கமும் தீட்டியது. நீ அங்கே வாங்கும்போது பெட்டியில் அடுக்கியதைப் பார்த்து மயங்காதே, நல்லது ஒன்று போதும். உன் இடது கையில் பிடித்துப் பார். அலகும் பிடியும் சேருமிடத்தை ஒரு விரலில் தாங்கினால் எந்தப் பக்கமும் குப்புற விழாமல் நிற்கவேண்டும். பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடியிருக்கவேண்டும். கை ஈரமாக இருந்தாலும் வழுக்கக்கூடாது. ஒருபக்கம் மட்டும் தீட்டியதை வேண்டாம் என்று சொல், அது பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்குச் செய்தது, என் விரல் கதை உன் விரலுக்கு வரும்.

இப்போது எனக்கு நீ ஒன்று செய்யவேண்டும். அப்பாவின் கையுறை உனக்குச் சரியாக இருக்கிறது என்று எடுத்துப்போனாயே, அவர் கைதான் உன் கை. கடையில் மல்லி வாங்கி இடது கையால் ஒரு பிடி எடு. சும்மா அள்ளாதே, அவர் செய்வது போல விரலை மூடிக் கையை ஒருமுறை உதறு, விழுந்தது போக உள்ளே நிற்பதுதான் பிடி. அதைத் தராசில் வைத்து எடையை எனக்கு எழுது. மாசச் சாப்பாட்டை அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம்.

வேளைக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே, உடம்பும் மனசும் நிறைந்து நீ நூறு வயது இருக்கவேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா

பின்குறிப்பு: அப்பாவின் கத்தியைத் துணியில் சுற்றி உன் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அங்கே அனுப்பலாமா என்று தபால் ஆபீஸில் கேட்டேன். கத்தியெல்லாம் எடுக்கமாட்டார்களாம்.