பழைய மெஷினைத் தொடாதே

அக்கா,

புது வாக்குவம் கிளீனர் பதினொரு மணிக்கு வரும். கையெழுத்துப் போட்டு வாங்கி வை. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. உன் இன்ஹேலர் தீர்ந்திருந்தது, புதியது மேஜை மேல்.

வீடெல்லாம் நாய்முடி, மூச்சு வாங்குகிறது என்றாய். "நல்ல மெஷினா வாங்குடா, உன் பொண்டாட்டி வளர்த்த நாய் இருந்துட்டுப் போகட்டும்" என்றதும் நீதான். மூன்று கடை ஏறி இறங்கினேன். இவ்வளவு முடிக்கும் வீட்டில் ஒரே நாய்தான் என்றால் கடைக்காரர் நம்பவில்லை. முடி சுற்றிக்கொள்ளாத ரப்பர் உருளை, சோபாவுக்குத் தனி பிரஷ், உன் இளைப்புக்காக நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் எல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன்.

நேற்று மாடிப்படியில் கீழ்வீட்டு டீச்சர், "நாளைக்கு நாயைக் கூட்டிட்டுப் போக ஆள் வராங்களாமே? உங்க அக்கா போன வாரமே பேசி முடிச்சிட்டாங்களே" என்றார். நான் கடை கடையாக அலைந்தபோதே உனக்குத் தெரியும். நீ போனில் பேசியபோது அது உன் காலடியில்தான் படுத்திருந்திருக்கும்.

அந்த ஆள் வந்தால் திருப்பி அனுப்பிவிடு. நாயை என்னோடு அச்சகத்துக்குக் கூட்டிப் போகிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் வருவோம்.

பி.கு.: பழைய மெஷினைத் தொடாதே. அதன் பிரஷில் நாய்முடியோடு அவளுடைய நீள முடியும் சுற்றியிருக்கிறது. அவள் இறந்த பிறகு நான் அதை வெட்டி எடுக்கவில்லை. அதையும் யாருக்காவது தருவதாகச் சொல்லியிருந்தால், இப்போதே போன் பண்ணி இல்லையென்று சொல்லிவிடு.