பிடி, விடு

நாள் 212 — 10:40
உயரம் 54.1 கி.மீ. வெளி வெப்பம் 38 டிகிரி. அமில மேகம் நடுத்தரம். தளம் நலம்.

இதை யார் எடுத்துப் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. எங்கள் வேலையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், திரும்பச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. என் பெயர் ரெமிஜியுஸ், ஊர் தூத்துக்குடி. வெள்ளிக் கோளின் மேகத்துக்குள் மிதக்கும் தளத்தில் மூன்று பேர் இருக்கிறோம். சுடலைமணி விங்சூட் போட்டுக் குதிப்பான். கைக்கும் காலுக்கும் நடுவே துணி விரித்து மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறந்து, அமிலத் துளிகளைக் குப்பிகளில் பிடிப்பான். நான் அவன் பக்கத்திலேயே பாராசூட்டில் பறப்பேன். அதைக் குடை என்போம். கட்டில் விரிப்பு அளவுதான் என் குடை. அவ்வளவு சின்னதாக இருந்தால்தான் அவன் வேகத்துக்கு ஓடும்.

கீழே தரை இருக்கிறது, ஆனால் அங்கே ஈயமே உருகும். அதனால் எப்படியும் மேலே வந்தாக வேண்டும். அதற்கான மிதப்புப் பை என் முதுகில் இருக்கிறது. விங்சூட்டில் பைக்கு இடமில்லை. வேலை முடிந்ததும் சுடலை எனக்குக் கீழே வந்து, என் காலணியில் உள்ள வளையத்தை ஒரு கையால் பிடிப்பான், மறு கையால் கொக்கியை மாட்டுவான். கொக்கி மாட்டியதும் பையைத் திறப்பேன், இருவரும் மேலே போவோம். கொக்கி மாட்டாவிட்டால் அவனுக்கு வேறு வழியே இல்லை.

சேரும் நேரத்தில் இரண்டே உத்தரவு. 'பிடி', 'விடு'. காற்று முரண்டு பிடித்துக் குடை மடங்கினால் நான் 'விடு' என்பேன். அவன் ஏன் என்று கேட்காமல் கையைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் இருவரும் கயிற்றில் சுற்றிக்கொண்டு சாவோம். ஆள் மாற்றி மாற்றி முந்நூறு தடவை பழகியிருக்கிறோம். சொல் காதில் விழுந்தால் கை திறந்துவிடும், மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும்.

இன்று இந்தப் பயல் விளையாட்டுக்கு என் குடையின் முன்னால் குறுக்கே பாய்ந்தான். அவன் கிளப்பிய காற்றில் என் குடை பாதி மடங்கியது. நாற்பது மீட்டர் சும்மா விழுந்தேன். தளத்துக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றிய கையோடு அவன் மூக்கில் ஒன்று வைத்தேன். அவனும் என் வயிற்றில் முட்டி போட்டான். "இன்னொரு வாட்டி இப்படி வந்தேன்னு வையி, ஒன்னய விட்டுட்டு மேல போயிருவேன் பாத்துக்க" என்று கத்தினேன்.

அவன் தங்கை பேச்சி வந்து விலக்கினாள். குடை மடிப்பதும் இயந்திரம் பார்ப்பதும் அவள்தான். "ரெண்டு பேரும் எருமை மாதிரி வளந்துதான் இருக்கிய, புத்தி எங்க போச்சு" என்றாள். சுடலை பல்லெல்லாம் இரத்தமாகச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாள் 213 — 11:25
உயரம் 54.0. நான் மட்டும் திரும்பினேன்.

ஒலிப்பதிவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். சுடலை வளையத்தைப் பிடித்துவிட்டான். கொக்கியைக் கையில் எடுத்துவிட்டான், இன்னும் மாட்டவில்லை. அப்போது பேசினான்.

"மக்கா, ஒரு குப்பி கழண்டு விழுந்துட்டுல. நேத்து குறுக்க வந்ததுக்கும் சேத்து சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடாத."

நான் சொன்னேன்: "விடுல மக்கா, பாத்துக்கிடலாம்."

அவன் கை திறந்தது.

அவன் முகத்தைப் பார்த்தேன். தன் கையைத்தான் அவன் பார்த்தான். காற்று அவனைப் புரட்டி எடுத்துக்கொண்டு போனது.

குடையைச் சுழற்றிக்கொண்டு பின்னால் இறங்கினேன். 51 கிலோமீட்டரில் எட்டினேன். நான் வேகமாக வந்தேன், அவன் அதைவிட வேகமாக வந்தான். வளையத்துக்கு நீட்டிய கை என் குடைக் கயிற்றில் மாட்டியது. கயிறு அவன் இரண்டு விரல்களைக் கையுறையோடு அறுத்தது. என் முழங்காலில் அவன் தலைக்கவசம் மோதிய சத்தம் இன்னும் எலும்புக்குள் இருக்கிறது. மறுபடி தூக்கி எறியப்பட்டான்.

49க்குக் கீழே போனால் மிதப்புப் பையின் துணி வெந்து பிரிந்துவிடும். 49.1இல் பையைத் திறந்தேன். நான் மேலே போனேன், அவன் கீழே போனான். ஆறு நிமிடம் வானொலியில் அவன் குரல் வந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டான். பிறகு தண்ணீர் கேட்டான். கடைசியில் கேட்டதை எழுத மாட்டேன்.

நாள் 213 — 16:10
பேச்சி கேட்டாள். காற்று அடித்துவிட்டது என்று சொன்னேன்.

கோழை. நான்தான். நேற்று நான் கத்தியதை அவள் கேட்டிருக்கிறாள். இன்று 'விடு' என்று சொன்னேன் என்றால் என்ன நினைப்பாள்? நாளை சொல்லலாம் என்று விட்டேன்.

நாள் 214 — 08:50
இடது மணிக்கட்டில் பதினொரு தையல். வலது கையால் நானே போட்டேன். நான் இடக்கைக்காரன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அவள் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டாள். கயிறு அறுக்கும் வளைகத்தியோடு என் அறைக்கு வந்தாள். எழுந்து நிற்பதற்குள் கத்தி இறங்கியது. கழுத்துக்குத்தான் குறி. கையைக் குறுக்கே வைத்தேன், மணிக்கட்டில் எலும்பு வரை போனது. சுவரெல்லாம் இரத்தம். அவளைத் தள்ளினேன், மறுபடி வந்தாள். அவள் தலையைப் பிடித்துக் கதவுச் சட்டத்தில் மோதினேன். ஆம், மோதினேன். கன்னம் கிழிந்தது. அப்படியும் கத்தியை விடவில்லை.

"விட்டுட்டு போவேன்னு சொன்னிய. மறுநாளே விட்டுட்டு வந்துட்டியளே."

"அந்த விடு இல்ல பேச்சி. போனா போவுது, கவலப்படாதன்னு சொன்னேன்ல. அவங்கிட்ட நான் வேற எப்படிப் பேசுவேன்?"

"மேல இருக்கும்போது விடுன்னா ஒரே விடுதான். ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான எங்கண்ணனுக்குப் பழக்குனிய?"

அவள் சொன்னது சரிதான். உட்கார்ந்துவிட்டேன். வெட்டு என்று கழுத்தை நீட்டினேன். நாடகத்துக்காக இல்லை, நிஜமாகவே. அவள் கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு சுவரில் குத்தினாள். ஏழெட்டுக் குத்து. கத்தி முனை உடைந்தபிறகு வெளியே போனாள்.

இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

நாள் 215 — 07:15
உயரம் 53.2. இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தரை மணிக்குப் புயல் அடித்தது. தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குப்பி அலமாரி மொத்தமும் என் மேல் விழுந்தது. தூக்கிப் பிடிக்கும் நான்கு பெரிய பைகளில் ஒன்று கிழிந்தது. அது கிழிந்து அடித்த அடியில் இரண்டாவதும் போயிற்று. சேமிப்பறையில் இருந்த மிதப்புப் பைகளில் அமிலம் புகுந்து கஞ்சியாகிவிட்டது. பேச்சி ஒன்றை மட்டும் காப்பாற்றினாள். அதற்காக அமிலத்தில் கையை விட்டாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து தொங்குகிறது.

திரும்பும் கலம் காற்றோட்டத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி, தனி மிதவையில் இருக்கிறது. பறந்துதான் போக வேண்டும். ஆள் இரண்டு, பை ஒன்று.

அவள் என்னை விட்டுவிட்டுப் போகலாம். நியாயமும் அதுதான். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"போட்டுட்டுப் போயிரலாம்தான். எங்கண்ணன் கனவுல வந்து கேட்டான்னா என்ன சொல்ல?" என்றாள்.

நாள் 215 — 08:30
குடைக்கு இரண்டு கையும் வேண்டும், எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அதனால் உரிந்த கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அவள் குடையில் வருகிறாள், பை அவள் முதுகில். நான் சுடலையின் மாற்று விங்சூட்டில். அவன் அளவுக்குத் தைத்தது, எனக்குத் தோளில் இறுக்குகிறது. அவன் வியர்வை வாடை அடிக்கிறது.

ஒரு காரியம் செய்தேன். உத்தரவை மாற்றினேன். இனி கையைத் திறக்கச் சொல்ல வேண்டுமானால் 'கழட்டு'. பேச்சியிடம் சொன்னேன்.

"அப்ப விடு?"

"அது இனி சும்மா பேச்சுதான். உத்தரவு இல்ல."

தரையில் உட்கார்ந்து அவள் காலணி வளையத்தைப் பிடித்துக்கொண்டு, 'கழட்டு' என்று அவள் சொல்லச் சொல்ல இருபது தடவை பழகினேன். போதும் என்று எழுந்தேன். மூன்றாவது பை சீறத் தொடங்கிவிட்டது.

இனி தலைக்கவச ஒலிவாங்கியில் பேசுவேன். குறிப்பு தானாகக் கலத்து மிதவைக்குப் போய்ச் சேரும்.

நாள் 215 — 08:52
உயரம் 52.6. குதித்தாயிற்று. தளம் பின்னால் உடைகிறது. ஒரு தகடு என்னைத் தாண்டிப் போனது, ஒரு முழம் தள்ளி வந்திருந்தால் இரண்டு துண்டு.

பேச்சி இடப்பக்கம், பத்து மீட்டர். நன்றாக ஓட்டுகிறாள். அவன் தங்கை அல்லவா.

நாள் 215 — 09:01
உயரம் 50.9. வெப்பம் 68. மிதவை தெரிகிறது, எங்களுக்கு மேலே. சேர வேண்டிய நேரம்.

முதல் முயற்சியில் வளையம் முகத்தில் அடித்தது. கண்ணாடியில் விரிசல். இரண்டாவதில் விலா. ஏதோ முறிந்தது, மூச்சு இழுத்தால் குத்துகிறது. மூன்றாவது.

பிடித்துவிட்டேன். வலது கை வளையத்தில்.

இடது கையால் கொக்கி. விரல் மடங்கவில்லை. தையல் பிரிந்துவிட்டது, கையுறைக்குள் சூடாக ஓடுகிறது. கொக்கி வளையத்தை உரசி உரசி நழுவுகிறது.

நாள் 215 — 09:04
உயரம் 50.2. நான் பேசியிருக்கக் கூடாது. கொக்கியை மாட்டிவிட்டுப் பேசியிருக்கலாம். சுடலையும் இதையேதான் செய்தான்.

"பேச்சி, சத்தியமாச் சொல்லுதேன். அவன நான் வேணும்னு செய்யல."

"தெரியும்ணே. விடுங்க."

என் கை திறந்தது.

நாள் 215 — 09:06
உயரம் 49.5. நான் திறக்கவில்லை. நான் திறக்கவே இல்லை. கை. கைதான். இப்போது தெரிகிறது சுடலை ஏன் தன் கையைப் பார்த்தான் என்று.

அவள் குரல்: "பிடிங்கண்ணே. பிடிங்க. நான் அதச் சொல்லல. நான் அதச் சொல்லலண்ணே."

தெரியும் தாயி. தெரியும்.

குடையைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வருகிறாள். நான் வந்த மாதிரியே வருகிறாள். விலா முறிந்து உடம்பு திருப்ப முடியவில்லை, புரண்டுகொண்டே இருக்கிறேன். என்னைப் பிடிக்க வந்தால் கயிற்றில் சுற்றிக்கொள்வேன். 49.3. பை வெந்துவிடும்.

"பேச்சி. விடு."

"எந்த விடுண்ணே?"

"ரெண்டுந்தான். பையத் திற."

நாள் 215 — 09:07
திறந்துவிட்டாள். மேலே வெள்ளையாகத் தெரிகிறது. ஏறுகிறது. பை தாங்குகிறது. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள், அவள் கையில் குற்றமில்லை. முதலில் அந்தச் சொல்லைச் சொன்னவன் நான்.

அழுகிறாள். வானொலியை அணைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. ஆறு நிமிடம் அவளும் கேட்க வேண்டாம். நானே அணைக்கிறேன். குறிப்பு மட்டும் போகும்.

நாள் 215 — 09:10
46.8. வெப்பம் 99. காலணி உருகி ஒட்டுகிறது. கண்ணாடி விரிசலில் சூடு புகுகிறது. கத்தினேன், பதிவில் இருக்கும், அழித்துவிடுங்கள்.

09:12
45.1. 109. தண்ணீர்

09:13
வலது கை இன்னும் திறந்தே இருக்கிறது. மூடப் பார்க்கிறேன். பிடி. பிடி என்றால் மூடும். பிடி