சீப்பில் வராத முடி

ஜூன் 11, 2001
இன்று தைத்தது ஒரு ரவிக்கை. பேசியது ஊர்வம்பு மொத்தமும். அளவு கொடுக்க வந்த பாவாயி, "ஏனுங்கக்கா, அருணாவுக்கு இந்த ஆடிக்காவது மொட்டை உண்டுங்களா?" என்று குத்தினாள். மகளுக்கு ரத்தப் புற்றுநோய் குணமானால் அறப்பளீஸ்வரருக்கு அவள் முடி என்று வேண்டிக்கொண்டவளே நான்தான். குணமாகி நாலு வருஷம். ஒரு ஆடிக்குச் சளி, ஒரு ஆடிக்குப் பள்ளிக்கூட போட்டோ. இந்த வருஷம் நாவிதருக்குக் கை நடுங்குகிறதாம் — கிளப்பிவிட்டது நான்! பாவம் மனுஷன்.

ஜூன் 19
மருந்தில் முடி கொட்டிய அந்தத் தலை... வேண்டாம்.
தினமும் நான்தான் சீவிவிடுகிறேன். சீப்பில் ஒரு முடிகூட வருவதில்லை. நான் காய்ச்சும் எண்ணெய் அப்படி!

ஜூலை 4
மலையிறங்கி சேலம் ஆஸ்பத்திரி. வருஷப் பரிசோதனை. ரத்தம் சுத்தம். புதிதாக ஹேமலதா என்றொரு பெண். பிழைத்த பிள்ளைகளின் மனசையும் அம்மாக்களின் மனசையும் சோதிக்கிறாளாம்.
"பழசை நெனச்சுத் தூக்கத்துல திடுக்கிடுவீங்களா?"
"எங்க ஊட்டுக்காரர் குறட்டைக்குத்தானுங்க."
சிரித்தாள். பெருமைக்குச் சீப்புக் கதையை எடுத்துவிட்டேன். அதற்குச் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் ரெண்டு முடி உதிருமேங்கக்கா?"
பஸ்ஸில் அருணாவைக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல நானே சீவி, உதிர்ந்ததை மிளகுக்கொடிக்கு அடியில பொதைச்சுட்டுத்தான் உங்கிட்ட வருவேன். ஒரு முடியப் பாத்தாலும் உனக்குக் கை ஆடுதும்மா."
ஐயோ சாமி. பன்னிரண்டு வயசுப் புள்ள. எப்ப இருந்தோ இப்படி. நோய் அவளை விட்டுப் போச்சு — என்னை விட்டுப் போகலையா?

ஜூலை 5
மெஷினைத் தொடவில்லை.

ஜூலை 22
கோயிலுக்கு நாள் குறித்துவிட்டார் என் வீட்டுக்காரர். "இனியும் தள்ளுனா சாமி குத்தமாயிரும் புள்ள." சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. ஊரைச் சிரிக்கவைக்கிற வாயாம்! அருணா என் முந்தானையாலேயே என் மூக்கைத் துடைத்தாள். "சாமி பொறுத்துக்கும்ப்பா. அம்மாவுக்கு நல்லானதும் மொட்டை அடிச்சுக்கலாம்."

ஆகஸ்ட் 8
ஆடிப் பதினெட்டு போய்விட்டது. இன்று தனியாகச் சேலம் போனேன், ஹேமலதாவைப் பார்க்க. சீட்டு எழுதுகிறவர் பழக்கத்தில் அருணா பெயரையே எழுதப் போனார்.
"குழந்தை எங்கீங்க?"
"பள்ளிக்கூடம் போயிருக்காளுங்க. நோயாளி நான்தானுங்க."