ஒரே பாட்டு, தினம் ஒரு தினுசு

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

ஒரே பாட்டை வயலினில் தினம் ஒரு தினுசாக வாசித்தீர்களா, உங்கள் அண்ணனுக்கு வந்த மறதி உங்களுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்துபோய்த்தான் நேற்று எரிந்து விழுந்தேன். காலையில் உங்கள் வயலின் டீச்சருக்கே போன் பண்ணிக் கேட்டுவிட்டேன்.

"மறதியெல்லாம் இல்லைங்க. அடிப்படை முடிஞ்சு இப்ப ஜாஸ்னு மேல்நாட்டு சங்கீதம் நடக்குது. ஒரு தடவை வாசிச்ச மாதிரி மறுதடவை வாசிக்கக் கூடாது, அதான் பாடமே" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் இஷ்டத்துக்கு வாசியுங்கள். நான் வாயே திறக்க மாட்டேன்.

பி.கு.: நீங்கள் தொலைத்ததாக நான் சண்டை போட்டேனே, அந்தச் சாவி ஃப்ரிட்ஜில் இருந்தது. வைத்தது நான்தான். டீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள்.