தள்ளு எஞ்சின் என் கோட்டுப் பையில்

ஹோல்ட்ஸ்பாஹ்
15 நவம்பர் 1994

அன்பு மகள் உல்ரிக்கேக்கு,

நான் நலம். படிக்கட்டைக் கண்டால் முழங்கால் முணுமுணுக்கிறது, மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் க்ரெகும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். வின்னிபெக்கில் இப்போதே பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் விழுங்கு. பக்கத்து வீட்டு கெர்லிண்டேக்கு இடுப்பு எலும்பு மாற்றிவிட்டார்கள், இப்போதே என்னைவிட வேகமாக நடக்கிறாள். ஆப்பிள் இந்த வருஷம் கொள்ளை, ஜாம் வைக்க ஜாடி போதவில்லை. நலம் விசாரித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போன் நடுவில் நின்றதே, அது லைன் கோளாறு இல்லை, நான்தான் வைத்தேன். வாயால் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நடந்ததை முழுசாகக் கேள். பொம்மை ரயில் சங்கத்து ஆட்கள் நாலு பேர் வந்து என் குட்டி ரயில் பாதையை மூன்று துண்டாகப் பிரித்து, துவைக்கும் அறைக்கு மேலிருந்து இறக்கி, கண்காட்சிப் போட்டிக்காகப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். சங்கமே என்னைத் தேடி அழைத்திருக்கிறது என்று நினைத்து நீலப் பட்டு உடுப்பை உடுத்திக்கொண்டு போனேன், முடிகூடச் சுருட்டிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் பாதைக்கு முன்னால் ஓர் அட்டை. ‘கைஸ்லிங்கன் மலையேற்றம். அமைத்தவர்: காலஞ்சென்ற ஓய்கன் ஷைப்லே. உதவி: மனைவி.’ அச்சடித்தவன் தப்பாக அடித்துவிட்டான் என்று சங்கத் தலைவர் க்னாப்பிடம் போனேன். அவர் கோப்பைப் புரட்டி ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “உங்க பொண்ணு கனடாவுலேர்ந்து எழுதி அனுப்பினதுதாங்க இது. உங்களுக்குச் சொல்ல வேணாம், ஆச்சரியமா இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டாங்க” என்றார். உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மனைவியாம், உதவியாம். அறுபத்தெட்டாம் வருஷக் குளிர்காலத்தில் பழைய சந்தையில் ஒரு வட்டத் தண்டவாளமும் சக்கரம் கழன்ற எஞ்சினும் வாங்கிவந்தவள் நான். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “பொம்பளைக்கு எதுக்குடி ரயிலு? உக்காந்து காலுறை பின்னு, குளிருக்காவது ஆகும்” என்றார். ரேடியோ தொழிற்சாலையில் பதினோரு வருஷம் நாளைக்கு நானூறு கம்பி முனைக்கு ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த கை இது. கோழிவலையை வளைத்து ஜிப்சம் பூசி மலை செய்தேன், காப்பித்தூள் சக்கையைக் காயவைத்து மண் தூவினேன், ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் காய்ச்சும் சட்டியில் மரத்தூளை வேகவைத்துப் புல் செய்தேன், அந்த வருஷம் முட்டையெல்லாம் பச்சை நிறமாக வந்து உன் அத்தை சிரித்தாள். மலை ஏறும் ரயிலைப் பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் தள்ளி, உச்சியில் தானாக விட்டுப் பிரிந்து திரும்ப இறங்க வேண்டும், நிஜக் கைஸ்லிங்கனில் அப்படித்தான். அந்த ஒரு வேலைக்கு எனக்கு ஐந்து வருஷம் பிடித்தது. கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு குட்டிக் காந்தம், உச்சியில் தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சுவிட்சு. காந்தம் கடந்ததும் தள்ளு எஞ்சின் நிற்கும் இடத்துக்கு மட்டும் மின்சாரம் நின்று, பிறகு திசை மாறி வரும். முதல்முறை அது சரியாக விலகி இறங்கிய அன்று வீட்டில் யாரும் இல்லை, நானே கைதட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடம் நிறையக் கூட்டம். தள்ளு எஞ்சின் உச்சியில் நிற்கவே இல்லை. பைத்தியம் பிடித்த மாதிரி தள்ளிக்கொண்டே போய், சுரங்க வாயில் இரண்டு பெட்டியைக் கவிழ்த்துவிட்டது. க்னாப்பும் இன்னும் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் பாய்ந்தார்கள். என்னை ஒருத்தர் கேட்கவில்லை. நானும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு ப்ரெட்சல் ரொட்டியை மெதுவாகத் தின்றேன், அவ்வளவு வன்மம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. நாற்பது நிமிஷம் கம்பிக் காட்டில் உருண்டார்கள். அப்போது அடியிலிருந்து ஒரு குரல், “ஓய்கன் இருந்திருந்தா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாருப்பா” என்றது. ப்ரெட்சலை வைத்துவிட்டு எழுந்தேன். “வெளியே வாங்க மூணு பேரும்” என்றேன். கடைசிப் பெட்டியைத் தூக்கித் திருப்பிக் காட்டினேன். அடியில் காந்தம் இல்லை, காய்ந்த பசை மட்டும் இருந்தது. “காலையில இந்தப் பெட்டியைத் துடைச்சது யாரு?” என்று கேட்டேன். “நான்தான்” என்றார் க்னாப். “உங்க கருவிப் பெட்டியைத் திறங்க.” திறந்தார். அவருடைய குறட்டின் மூக்கில் என் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டினேன், ரயில் ஏறியது, உச்சியில் தள்ளு எஞ்சின் பிரிந்து நின்று, பதவிசாகத் திரும்பி இறங்கியது. கூடமே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் க்னாப் என் தோளைத் தட்டி, “உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு, ஷைப்லேம்மா” என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி அட்டையில் உன் அப்பா பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். அவர் பதறிப்போய், “அப்படியெல்லாம் அடிக்க முடியாதுங்க, குடும்பம் கையெழுத்துப் போட்டது, முதல் பரிசுத் தகட்டுலயும் பேர் பொறிச்சாச்சு” என்றார். தகட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாதையை ஞாயிறு சாயங்காலம்வரை எடுக்கக் கூடாதாம், விதியாம். சரி, பாதை இருக்கட்டும். தள்ளு எஞ்சினை மட்டும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மறுநாள் முழுக்க ரயில் மலையடிவாரத்திலேயே நின்றதாம். நிற்கட்டும்.

இதெல்லாம் க்னாப் மேல் கோபம், அது ஆறிவிடும். உன் மேல் உள்ளதுதான் ஆற மாட்டேன் என்கிறது. நான் பாதை கட்டும்போது உனக்கு ஒன்பது வயது, மேஜைக்கு அடியில் எனக்கு டார்ச் பிடித்தாய், உருகிய ஈயம் ஒரு சொட்டு உன் இடது முழங்கையில் விழுந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. தெரியாமல் எழுதிவிட்டாய் என்றால் மன்னித்திருப்பேன். போனில் நீ சொன்னது என்ன? “நீதான் கட்டினேன்னு எனக்குத் தெரியாதாம்மா? அப்பா போயிட்டாரு, அவர் பேருக்குன்னு ஏதாவது ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்.” என் பேருக்கு ஒன்றும் இருக்க வேண்டாமா, உல்ரிக்கே? தானம் செய்ய நினைத்தால் உன் பொருளைச் செய். கிறிஸ்துமஸ் அன்று தன் தபால்காரத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, உன்னை மடியில் வைத்து, அவர் வேகம் கூட்டும் குமிழைத் திருப்பி ரயில் ஓட்டினார், அது நிஜம், அதை உன்னிடமிருந்து நான் பிடுங்க மாட்டேன். நல்ல தகப்பன்தான். ஆனால் விருந்தாளிகள் வந்தால் முதலில் ‘நம்ம ரயில்’ என்றவர் பிறகு ‘என் ரயில்’ என்றார், நான் காப்பித் தட்டோடு வாயை மூடிக்கொண்டு நின்றேன். சண்டை வேண்டாம் என்று நின்றேன். ஆக, கோபத்தில் பாதி என் மேலேயே. அதற்காக நீ நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்ளாதே, உனக்கு வைத்திருக்கும் பாதியும் பெரிசுதான்.

ஞாயிறு சாயங்காலம் பாதையைக் கொண்டுவந்த க்னாப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “பொண்ணு ஒரு வரி எழுதிட்டா தகடு, சங்கத்து ஆண்டு மலர் ரெண்டுலயும் மாத்திடறோம்” என்றார். மலர் ஜனவரியில் அச்சுக்குப் போகிறது. நான் எழுதிக் கொடுத்தால் போதாதாம், கட்டினவள் சொல் செல்லாதாம், கனடாவிலிருந்து வர வேண்டுமாம். அதனால் நீ எழுதத்தான் வேண்டும். தவறிவிட்டது, குழம்பிவிட்டது என்றெல்லாம் பூசி மெழுகாதே. பொய் எழுதினேன், கட்டியது என் அம்மா என்று எழுது. நீ எழுதும்வரை மேலே போய் ஒரு கம்பியைக்கூடத் தொடப்போவதில்லை என்று சபதம் போட்டேன், நேற்றே முறித்துவிட்டேன். கவிழ்ந்ததில் சுரங்க வாய் உடைந்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

பிப்ரவரியில் சுகமாகப் பெற்றெடு. பிறக்கும் பிள்ளை உன் பிடிவாதத்தோடும் க்ரெகின் பொறுமையோடும் நூறு வருஷம் வாழட்டும். அதற்காக நீ கண்விழிப்பதையும் ஓடுவதையும் க்ரெக் செய்ததாக அதனிடம் சொல்லி வளர்க்காதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், அதையும் நான்தான் பின்னினேன். க்னாப்புக்கு எழுதும் கடிதத்துக்குப் படிவம் தேவையில்லை, சாதாரணத் தாள் போதும், தேதி போட்டுக் கையெழுத்துப் போடு, டிசம்பர் பத்துக்குள் இங்கே வந்து சேர வேண்டும்.

கோபத்தோடும், வேறு யாருக்கும் இல்லாத அன்போடும்,
உன் அம்மா
ஹெர்மீனே ஷைப்லே