எஞ்சினுக்கு ஒரு சும்மாடு

சொங்சொங்,
நவம்பர் 21

அன்புள்ள ஹேரிம்,

சூசோக் அறுவடைத் திருநாள் விடுமுறை முடிந்து நீ கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பாவுக்கு என் மேல இன்னும் கோபமா?" என்று. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா அரிசிக் கள் கெண்டியை உன் பக்கம் தள்ளி, "நீயே ஊத்திக்க" என்று சொன்னாரே, அதைத்தான் நீ மனதில் வைத்திருந்தாய். நம் வீட்டில் யாரும் தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றிக்கொண்டதில்லை. வேண்டாம் என்று சொல்லியும் ஹங்கேரிக்கு வேலைக்குப் போன மகளுக்கு அப்பா ஊற்றித்தர மாட்டேன் என்கிறார் என்றுதானே நினைத்தாய்? நான் "அதெல்லாம் இல்ல, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று சொல்லி, அவித்த முட்டைப் பையை உன் கையில் திணித்தேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும்.

இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அது நம் பிக்கப் வண்டி வழியாகத்தான் வரும். போனில் சொல்லலாம் என்றால் அப்பா எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. ஆப்பிள் பறித்து முடித்தாயிற்று. ஆலங்கட்டி மழை பட்ட கிழக்குச் சரிவுப் பழங்கள் எல்லாம் சாறு பிழிகிறவர்களுக்குத்தான் போயின. குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் உப்பில் கிடக்கிறது. இந்த வருஷம் பக்கத்து வீட்டாரும் கை கொடுக்க வரவில்லை, அவர்களுக்கும் முதுகு வலி. என் முழங்கால் சரியில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. நான் அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்ததா?

இனி வண்டி. டீசல் வண்டி கொஞ்சம் அதிரத்தான் செய்யும். ஆனால் இது வேறு மாதிரி. சாவியைத் திருப்பினால் அடியில் 'டொம்' என்று ஒரு இடி. சிவப்பு விளக்கில் நின்றால், பக்கக் கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டி இரண்டாகத் தெரியும். எனக்குப் பற்கள் ஒன்றோடொன்று தட்டும். பழுது பார்க்கலாம் என்று நான் வாயைத் திறந்தாலே, "டீசல் வண்டின்னா அப்படித்தான். ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் இதுல பேச வந்துட்டாங்க" என்பார். வாசல் கேட் கிறீச்சிட்டால் சோற்றுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எண்ணெய்க் குப்பியோடு எழுந்து போகிற மனிதர் அவர். வண்டி விஷயத்தில் மட்டும் ஒரு வருஷமாக இந்தப் பிடிவாதம். எனக்கு விளங்கவே இல்லை.

பாலத்தடியில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் தொக்பே இந்த மாதத் தொடக்கத்தில் ஆப்பிள் வாங்க வந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவன் இல்லை, அதனால் என்னிடம் பயமும் இல்லை. அப்பா வண்டியைக் கிளப்பி நகர்த்திய சத்தத்தைக் கேட்டதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னண்ணே, துணி துவைக்கிற மெஷினையா ஓட்டிட்டுத் திரியறீங்க?" என்றான்.

"நீ ஆப்பிள் வாங்க வந்தியா, உன் பட்டறைக்கு ஆள் பிடிக்க வந்தியா?" என்றார் அப்பா.

"ஆப்பிள்தாண்ணே. ஆனா இதுல ஏத்திக்கிட்டுப் போனா, போய்ச் சேர்றப்ப சாறால்ல இருக்கும்."

வழக்கமாகப் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறவர், அன்று எஞ்சினை அணைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார். தொக்பே குரலைத் தாழ்த்தி, "டீச்சரம்மா, எஞ்சின் மவுண்ட் போயிடுச்சு. எஞ்சின் இப்படிக் குதிச்சா ஒரு நாள் ஏதாவது குழாயை இழுத்து அறுத்துடும். அதுவும் உங்க மலை இறக்கத்துல..." என்று நிறுத்திக்கொண்டான். நம் இறக்கத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஒரு பழைய நண்பர் வீட்டுத் துக்கத்துக்குப் பேருந்தில் அந்தோங் போனார். நான் தொக்பேயைக் கூப்பிட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்க்கட்டும், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

தொக்பே முன்மூடியைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான். என் லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து துணி அலமாரியில் தூங்குகிறது என்று உனக்குத் தெரியுமே. "அலமாரி லைசென்ஸ் போதும் டீச்சரம்மா, ஒரு அடி கூட நகரப்போறதில்ல" என்றான். பிரேக்கை அழுத்தியபடி கியர் போட்டு, கிளட்ச்சைத் துளி விடச் சொன்னான். எஞ்சின், தூக்கத்தில் உதைக்கிறவனைப் போல ஒரு பக்கமாக எழும்பி விழுந்தது.

சந்தைக்குக் கூடை சுமந்து போகிற பெண்கள் தலைக்கும் கூடைக்கும் நடுவே துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள் அல்லவா? எஞ்சின் மவுண்ட் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே கெட்டியான ரப்பர். எஞ்சினின் எடையைத் தாங்கிக்கொள்ளும், அதன் நடுக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், வண்டிக்குத் தெரியவிடாது. தொக்பே எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஜாக்கியால் கொஞ்சமே தூக்கினான். எடை விலகியதும் போல்ட்டுகளைக் கழற்றிப் பழையதை வெளியே எடுத்தான். ரப்பர் மறந்துபோன உலர்பழம் மாதிரி இறுகி, நடுவில் பிளந்து கிடந்தது. புதியதை வைத்து எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி நிறுத்தினான். ஏன் இறுக்கவில்லை என்று கேட்டேன். "எஞ்சின் இறங்கி உக்காரட்டும். தொங்கறப்பவே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும். வீட்டுக்கு வந்தவங்களை உக்கார வச்சிட்டுத்தானே பேசணும்" என்றான். மறு பக்கத்தையும் அதே போல மாற்றினான்.

சாவியைத் திருப்பியபோது, இவ்வளவு நாளாகக் கத்திக்கொண்டிருந்த யாரோ வாயை மூடிக்கொண்டது போல இருந்தது. காகிதக் கோப்பையில் காபி கலந்து கொண்டுவந்து முன் பலகையில் வைத்துப் பார்த்தேன். காபியின் மேல் சிறு நெளிவுகூட இல்லை. இத்தனை வயதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

திங்கட்கிழமை கடைசிப் பெட்டிகளைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஏற்றிப் போனோம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே நானும் காபியோடு ஏறிக்கொண்டேன். சாவியைத் திருப்பினார். இடி இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். "தொக்பே வந்திருந்தான். எப்படி இருக்கு?" என்றேன். கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

பாலத்துச் சிவப்பு விளக்கில் நின்றோம். கண்ணாடியில் பின்னால் வந்த வண்டி ஒன்றாகவே தெரிந்தது. என் காபி அசையவில்லை. கியர்த்தடியின் மேல் இருந்த அப்பாவின் வலது கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன ஆட்டம், ஒரே சீராக, நிற்காமல். எஞ்சின்தான் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். மறுபடி காபியைப் பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஏன் இதைச் சரி பண்ணினே?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை, ஹேரிம். களைத்துப்போன குரல். வண்டி மொத்தமும் நடுங்கிய வரைக்கும் அவர் கையை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. வண்டிக்குள் மறைக்க முடிந்ததைச் சாப்பாட்டு மேசையில் மறைக்க முடியவில்லை. அதனால்தான் கெண்டியை உன் பக்கம் தள்ளினார். இரண்டு வருஷம் கழித்து வந்த மகளுக்கு முன்னால் மேசையெல்லாம் சிந்த அவருக்கு மனம் வரவில்லை. நான் கூடவே இருந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவர் சாப்பாட்டுக் குச்சிகளை விட்டுக் கரண்டியால் மட்டும் சாப்பிடுவதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து, "நீ ஓட்டு" என்றார். நான் கிளட்ச்சை விட்டேன், வண்டி குதித்து நின்றது. மறுபடியும் அதேதான். "பள்ளிக்கூட மணி அடிச்ச மாதிரி காலை எடுக்காதே. மெல்ல விடு, மெல்ல" என்றார். மூன்றாம் தடவை நகர்ந்தது. சங்கத்து வாசல் வரைக்கும் நானே ஓட்டினேன்.

அன்றிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். அவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிடுகிறார். மலை இறக்கம் முடிந்ததும் என் தோள் இரண்டும் கல்லாகிவிடுகின்றன. கிம்ச்சி வேலை முடிந்ததும் தேகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நேற்று அவரே சொன்னார். நான் எவ்வளவோ கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் உடனே சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. போனில் உடம்பைப் பற்றிக் கேட்காதே. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள், அதற்குப் பதில் சொல்வார். முடிந்தால் புத்தாண்டுக்கு வா. விடுப்பு கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த மாதமாவது வா. நீ எங்கே இருந்தாலும் வயிறு நிறைந்து, கை கால் சுகமாக, கவலை இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

வந்த அன்று சாப்பாடு முடிந்ததும் கெண்டியை அவர் பக்கம் தள்ளி, "நீங்க ஊத்துங்கப்பா" என்று சொல். பிறகு உன் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, கெண்டியின் மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொள்.

அன்புடன்,
அம்மா