ஏழு தலைமுறை அக். லாப்.

மல்வேர்ன், ஸ்காபரோ, கனடா
பங்குனி 4

அன்பு மகள் மெலனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம், என் வலது முழங்காலைத் தவிர, அது வழக்கம்போல எங்களோடு ஒத்துப்போவதில்லை. நீயும் அங்கே குளிர் படாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, வைத்தியம் பார்க்கிற மாடுகளிடம் உதை வாங்காமல் நலமாய் இருக்க மன்றாடுகிறோம். இதைப் போனிலேயே கேட்டிருப்பேன், ஆனால் ஒன்பது நாளாக நீ என் போனை எடுப்பதில்லை. அம்மா அடித்தால் எடுக்கிறாய், பின்னால் என் குரல் கேட்டதும் நெட்வேர்க் போய்விடுகிறது. ஆகவேதான் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் வாசித்து முடித்துவிட்டுக் கிழி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீ பாதியில் போனை வைத்துவிட்டாய். தை மாதம் நீ அந்த ஊர்ப் பொடியன் டொமைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. விசாரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். எங்கள் ஆட்களில் ஒரு சம்பந்தம் வந்தால் தகப்பன் போய் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். மல்வேர்னில் இருந்துகொண்டு இங்கிலாந்தில், ஷ்ரொப்ஷயரில் நான் யாரைப் போய் விசாரிப்பது. நீதான் சிரித்துக்கொண்டு, அப்பா, அந்தக் கிராமத்துக் கோவில் புத்தகமெல்லாம் கம்பியூட்டரில ஏத்திப்போட்டினம், ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் கிடக்கு, விருப்பமெண்டால் நீங்களே பாருங்கோ என்றாய். விளையாட்டுக்குச் சொன்னாயாக்கும். அப்பாவுக்கு விளையாட்டு விளங்காது என்று முப்பத்தொரு வருஷமாகியும் உனக்குத் தெரியவில்லை.

மூன்று கிழமை பார்த்தேன். அம்மா வேலைக்கு வெளிக்கிட்ட கையோடு கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால், அவர் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும்வரை எழும்பவில்லை. சோறு வைக்கச் சொன்னதை இரண்டு தரம் மறந்து பேச்சும் வாங்கினேன். டொமின் ஆட்கள் எல்லாருக்கும் வில்லியம் அல்லது ஜோன் என்றுதான் பெயர். ஒரு பிள்ளை செத்தால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கும் வைத்திருக்கிறார்கள், அது விளங்காமல், ஒரே ஜோனை நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு தரம் அடக்கம் பண்ணியிருக்கிறார்களே என்று ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்தேன். ஆனால் தொழில் என்ற இடத்தில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை, எல்லாருக்கும் ஒன்றேதான், சுருக்கி எழுதியிருந்தது: அக். லாப். வில்லியம் அக். லாப்., அவன் மகன் ஜோன் அக். லாப்., இப்படி ஏழு தலைமுறை. பிள்ளை, நான் கனடாவுக்கு வர முதல் விவசாயத் திணைக்களத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருஷம் வேலை செய்தவன். எங்கள் ரப்பர் முத்திரையில் இருந்ததும் அதேதான், அக். லாப்., அக்ரிகல்ச்சர் லபோரட்டரி. நான் வேறு எப்படி வாசிப்பது? எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஏழு தலைமுறையாக மண் பரிசோதிக்கிற குடும்பத்தில் கடவுள் என் பிள்ளைக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆயிரத்து எண்ணூறாம் ஆண்டில் ஒரு சின்னக் கிராமத்தில் இத்தனை பேருக்கு லபோரட்டரியில் என்ன வேலை என்று ஒருக்கால் யோசித்தேன்தான். வெள்ளைக்காரன் எல்லாவற்றிலும் முந்தினவன் என்று அதையும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கே கிளடிஸ் பெரியம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவர் இங்கே டோர்செட் பார்க்கில் தன் கட்டடத்து லிஃப்டில் ஏறி இறங்கிப் பதினாலு மாடிக்கும் சொல்லிவிட்டார், மெலனியின்ர மாப்பிள்ளை பரம்பரை விஞ்ஞானியாம் என்று. நானாவது அதோடு நின்றிருக்கலாம். டொமின் தகப்பன் மிஸ்டர் ப்ரீஸுக்கு இரண்டு பக்க ஈமெயில் எழுதினேன். உங்கள் பரம்பரையை முற்றாக ஆராய்ந்துவிட்டேன், இப்படிப் படித்த குடும்பத்தில் சம்பந்தம் கிடைக்க நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும், தாங்கள் எந்த ஆய்வுகூடத்தில் வேலை என்று கேட்டிருந்தேன். அந்த மனிதர் நாற்பது வருஷமாக வேறொருவரின் பண்ணையில் மாடு பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குப் பண்ணையில் வேலை என்று மட்டும்தான் நீ சொன்னாய், பண்ணைக்குள்ளும் ஒரு ஆய்வுகூடம் இருக்கும்தானே என்று நினைத்தேன். அவர் அதை நக்கல் என்று எடுத்து, இப்படிப்பட்ட ஆட்களோடு ஒரே கோவிலில் நிற்கமாட்டேன், கலியாணத்துக்கும் வரமாட்டேன் என்று சொன்னதும், அப்பா, நீங்கள் ஆரைப் பாத்து நக்கலடிக்கிறீங்கள் என்று நீ அழுததும் ஒரே நாளில் நடந்து முடிந்தது. எனக்கு அப்போதும் என்ன பிழை என்று விளங்கவில்லை. அந்தக் கோவில் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிற மிஸ்ஸிஸ் ஹாவலுக்கு எழுதிக் கேட்டேன். மிகவும் மரியாதையாகப் பதில் போட்டார். லாப் என்றால் லேபரராம். விவசாயக் கூலி. ஏழு தலைமுறையும் அடுத்தவன் வயலில் கூலி வேலை.

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவர் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதில என்னப்பா கிடக்கு, உங்கட அப்புவும் உதுதானே என்றார். மெலனி, இனி எழுதப்போவதை நேரில் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்திராது. அப்பப்பா தோட்டம் செய்தவர் என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. யாருடைய தோட்டம் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் சாகும்வரை மற்றவர்களின் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர். அந்த வீடுகளில் அவருக்கு ஒரு கதிரை போட்டதை நான் பார்த்ததில்லை. அம்மாவின் தகப்பன் என்னை விசாரிக்க வந்தபோதும் நான் இதே தோட்டக் கதையைத்தான் சொன்னேன், அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு நல்ல மனிதரை ஏமாற்றிக் கலியாணம் செய்தவன் என்று முப்பத்தெட்டு வருஷமாக நெஞ்சுக்குள் ஒரு அரிப்பு. அதை அன்றைக்குத்தான் அம்மாவிடம் வாய் விட்டுச் சொன்னேன். அம்மா மறுபடி வெங்காயத்தை எடுத்து வெட்டிக்கொண்டு, என்ர அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அந்தத் தோட்டச் சொந்தக்காரரிட்டையே போய் விசாரிச்சுப்போட்டுத்தான் உங்களிட்ட வந்தவர், ஒருநாளும் வேலைக்குப் பிந்தி வராத மனுசன் எண்டு சொன்னவையாம், அது காணும் எண்டுதான் ஓம் சொன்னவர் என்றார். இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேக்கேல்லையே என்றார்.

ஆகவே பிள்ளை, என் விசாரிப்பு முடிந்தது. உயிர்த்த ஞாயிறு கழிய உங்கள் கோவிலில் முதல் ஓலை வாசிப்பார்கள் என்று அம்மா சொன்னார். அவர்கள் இங்கிலாந்துச் சபை என்றாலும் எங்களைப் போலவே மூன்று ஞாயிறு பெயர் வாசித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்பார்களாம். என் பக்கத்தில் ஒரு தடையும் இல்லை. டொம் உனக்கு ஏற்ற பிள்ளை, அந்தக் குடும்பம் எங்களுக்கு ஏற்ற குடும்பம். கிளடிஸ் பெரியம்மாவுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவர் இப்போது லிஃப்டில் வாய் திறப்பதில்லையாம்.

உனக்கும் டொமுக்கும் அம்மாவினதும் என்னுடையதும் முழு ஆசீர்வாதம். மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றுவா. மறக்காமல் ஒரு வேலை செய். மிஸ்டர் ப்ரீஸுக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதினால் அதையும் நக்கல் என்று எடுப்பார், என் இங்கிலீசு அப்படி. நீ இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் இருந்து, இங்கிலீசில் மாற்றி வாசித்துக் காட்டு. லபோரட்டரிப் பகுதிக்கு எல்லாரும் சிரியுங்கள், எனக்குக் கோபமில்லை. அப்பப்பாவின் பகுதி வரும்போது உனக்கு வெட்கமாக இருந்தால் என்னைத் திட்டு, ஆனால் ஒரு வரியும் விடாமல் வாசி. அவர் பெயரை உனக்குச் சொல்லித் தந்ததுகூட இல்லை என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது. இவ்வளவு காலமும் என் பெயருக்கு முன்னால் அதை ஒரு எழுத்தில் சுருக்கித்தான் கையெழுத்து வைத்தேன்.

இப்படிக்கு உன் அப்பா,
சந்தியாப்பிள்ளை அருள்நாயகம்